வாளியில் காய்த்த புடலங்காய்

இனிமேல் செத்தாலும் சந்தைக்குப் போவதில்லை என்று சுதாகரன் சபதம் போட்டான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்றால் அவனுக்கு உயிர். அந்தத் தூக்கத்தைத்தான் கொடகவெலச் சந்தை வாராவாரம் தின்றுகொண்டிருந்தது.

"நானே மரக்கறி வளக்கிறேன். நம்ம லயத்து வீட்டு வாசல்ல, பெயிண்டு வாளியில."

"காய்க்காட்டி?" என்றாள் மனைவி ஷாமிளா.

"ஆயுசுக்கும் நானே சந்தைக்குப் போறேன். தண்ணியும் நானே தூக்கறேன்."

"சரிங்க."

அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றதிலேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கத்தரியும் மிளகாயும் நட்டான். தேயிலைக்குப் போட்டு மிஞ்சிய உரத்தைக் கை நிறைய அள்ளிப் போட்டான். தேயிலை உரம் வேறென்ன செய்யும்? இலையாக வளர்த்துத் தள்ளியது. பூவைக் காணோம், பிஞ்சைக் காணோம்.

"வாற ஞாயிறு வரைக்கும் பாப்போங்க," என்றாள் ஷாமிளா.

சனிக்கிழமை சாயங்காலம் முஹ்ஸின் கடையில் கத்தரிக்காய் வாங்கி, கறுப்பு நூலால் செடியில் கட்டிவிட்டான்.

"ஏங்க! காய்ச்சிருச்சுங்க!"

அந்த ஞாயிறு அவன் ராஜா மாதிரித் தூங்கினான். பாவம், காலமெல்லாம் கொழுந்து பறிக்கிறவளுக்கு நூல் கண்ணில் படவில்லையே என்று அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

மறுநாள் அவள் வாளியைத் தடவிக்கொடுத்தாள். "நல்ல ராசியான வாளிங்க. நாளைக்கு வெண்டிக்கா காய்ச்சா கொழம்பு வைக்கலாம்."

காய்த்தது. அடுத்த நாள் அவள் கேட்டபடி முருங்கைக்காய். அதற்கடுத்த நாள் மிளகாய்ச் செடியில் புடலங்காய் தரையைத் தொட்டுத் தொங்கியது. வேலை முடிந்ததும் தினமும் கடைக்கு ஓடி ஓடி அவன் செருப்பு தேய்ந்தது.

"தோட்டம் போட்டவருக்கு எதுக்கு மரக்கறி?" என்று கேட்டார் முஹ்ஸின்.

"மாட்டுக்கு."

"மாடு முருங்கக்கா திங்குமா?"

"எங்க மாடு திங்கும்."

வெள்ளிக்கிழமை ஷாமிளா கேரட் கேட்டாள்.

"அது குளிர்நாட்டுக் காய் புள்ள, இங்க வராது!"

"உங்க கைக்கு வரும்ங்க."

வந்தது. இலையே இல்லாத கேரட்டுகளை வாளி மண்ணுக்குள்ளிருந்து பிடுங்கும்போது அவள் முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லை.

சனிக்கிழமை காலை, "நாளைக்கு அக்கா வீட்டாளுங்க சாப்பிட வாறாங்க. ஒரு பூசணிக்கா காய்ச்சா போதும்ங்க," என்றாள்.

முஹ்ஸின் கையை விரித்தார். "பூசணியா? நாளைக்குச் சந்தையிலதான் கெடைக்கும்."

சுதாகரனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தோற்றால் ஆயுசுக்கும் சந்தை, ஆயுசுக்கும் தண்ணீர். ஆகவே ஞாயிற்றுக்கிழமை, கோழி கூவுமுன் எழுந்து, பையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, சந்தைக்குப் போகாமல் இருப்பதற்காகச் சந்தைக்குக் கிளம்பினான். பூனை மாதிரி நடந்து கதவை மெதுவாகத் திறந்தான்.

கம்பளிக்குள்ளிருந்து ஷாமிளாவின் குரல் கேட்டது.

"ஏங்க, அப்படியே அந்தச் செடியில கொஞ்சம் கருவாடும் காய்க்கச் சொல்லுங்க."