சாணித் தண்ணீரும் தலைமைப் பண்பும்

நேர்மையைப் பற்றி வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவனைக் குறைந்தது ஒரு மாதத்துக்காவது எந்தப் பொறுப்பிலும் விடக் கூடாது. கை சுத்தமாகத்தான் இருக்கும், வாய்தான் நீண்டுவிடும். எனக்கோ கடைசியில் கையும் சுத்தமாக இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின் பம்ப் செட் விற்கும் கம்பெனி ஒன்றின் திருச்சிக் கிளைக்கு நான் மேனேஜர். வயது இருபத்தொன்பது. ஆபீஸ் புத்தூரில், வாடகை வீடு ஸ்ரீரங்கத்தில். கிளை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், டைப்பிஸ்ட் பிலோமினா, ஸ்டோர் கீப்பர் கரீம் பாய், மெக்கானிக் ராயப்பன். (மின்விசிறியைச் சேர்த்தால் ஐந்து பேர். அதுவும் பாதி நாள் வேலை செய்யாது.)

சென்னைத் தலைமை அலுவலகத்தில் திடீரென்று ஒரு யோசனை பிறந்து, எல்லாக் கிளை மேனேஜர்களையும் மூன்று நாள் வகுப்புக்கு அழைத்தார்கள். தலைப்பு, தொழில் நேர்மையும் தலைமைப் பொறுப்பும். டை கட்டிய ஒருவர் பேசப் பேச, நான் ஒரு நோட்டு முழுக்க எழுதித் தள்ளினேன். அவர் சொன்னதில் ஒரு விஷயம் என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. தப்பு நடந்தால் தலைவன் முன்னால் வந்து நிற்க வேண்டும். பாராட்டு வந்தால் பின்னால் போய் நிற்க வேண்டும். ஆகா! இது தெரியாமலா இத்தனை நாள் மேனேஜராக இருந்தோம் என்று கண்ணில் நீர் தளும்ப ரயில் ஏறினேன்.

திரும்பி வந்த அன்றே மூன்று பேரையும் நிற்க வைத்து முக்கால் மணி நேரம் பேசினேன்.

"இனிமே இந்த ஆபீஸ்ல எந்தத் தப்பு நடந்தாலும் அது முதல்ல என் தப்பு. புரியுதா?"

கரீம் பாய் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மாஷா அல்லாஹ்! அப்ப போன மாசம் லால்குடிக்குப் போக வேண்டிய பைப்பு முசிறிக்குப் போச்சே, அதுவும் சார் கணக்குலதானே?"

"அது வகுப்புக்கு முன்னால நடந்தது, பாய்."

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டு டைப்ரைட்டரைத் துடைத்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஜெனரல் மேனேஜர் ராகவாச்சாரி வருவதாகத் தந்தி வந்தது. திருவெள்ளறையில் விவசாயிகளைக் கூட்டி நாங்கள் பம்ப் செட்டை ஓட்டிக் காட்டுவதை அவர் பார்வையிடுவார். அது முடிந்ததும் நேராக ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாள் சேவிப்பார். பொன்னம்மாள் என்ற விவசாயி அம்மா தன் கிணற்றைப் பெருந்தன்மையோடு எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் கிணற்றடிக்குப் போய்விட்டோம். ராயப்பன் குழாயை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என் வயதுதான் அவருக்கும். எடமலைப்பட்டி புதூரில் மனைவியும் நான்கு பிள்ளைகளும். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"ஃபுட் வால்வு போயிடுச்சு சார்."

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கிற வால்வு அது. குழாயில் ஏறின தண்ணீர் மறுபடி கீழே இறங்காமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியதில் அதன் வாஷர் தேய்ந்து ஒழுகியது. புது வால்வு புத்தூர் ஸ்டோரில் இருந்தது. போய் வர இரண்டு மணி நேரம். ஜெனரல் மேனேஜர் வரவோ ஒரு மணி நேரம்.

"வேற வழியே இல்லையா?"

"விவசாயிங்க பம்ப்புல சாணியைக் கரைச்சு ஊத்துவாங்க சார். ஓட்டையில போய் அடைச்சுக்கும். வீட்டு அவசரத்துக்கு அவங்க செய்யறது வேற. விக்க வந்த நாமளே செஞ்சா ஏமாத்தறதா ஆயிடாதா? வால்வு தேஞ்சிருக்கு, மாத்திட்டுக் காட்டறோம்னு சொல்லிடுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

இதைத்தான் அந்த டை கட்டியவர் மூன்று நாள் தொண்டை வறளச் சொன்னார். ராயப்பன் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"முடிவெடுக்கறது என் வேலை, ராயப்பன்" என்றேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப அதை நீங்களே செஞ்சுக்குங்க சார்."

செய்தேன். பொன்னம்மாளிடம் ஒரு வாளியும், அவர் வீட்டுத் தொழுவத்திலிருந்து சாணியும் வாங்கி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நானே கரைத்து, நானே பம்ப்பில் ஊற்றினேன். (அந்த ஒரு காரியத்தில் மட்டும் தலைவன் முன்னால் நின்றான்.)

ராகவாச்சாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கோவிலுக்குப் போகிற கோலம். மயில்கண் வேஷ்டி, பட்டு அங்கவஸ்திரம், நெற்றியில் பளிச்சென்று திருமண். ஐம்பது அறுபது விவசாயிகள் கூடிவிட்டார்கள். அவரைக் குளிர வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மஞ்சளும் குங்குமமும் பூவும் வைத்த தட்டை அவர் கையில் கொடுத்து, "முதல் தண்ணிக்கு நீங்கதான் சார் பூ போடணும்" என்று குழாய் வாய்க்கு நேர் எதிரே, மிகச் சரியாக ஓரடி தூரத்தில், நிற்க வைத்தேன்.

"சார், அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னா..." என்று ராயப்பன் ஆரம்பித்தார். நான் முறைத்தேன். அவர் எஞ்சினைக் கிளப்பினார்.

டுப், டுப், டுப் என்றது. குழாய் ஒருமுறை இருமியது. ஒன்றும் வரவில்லை. ராகவாச்சாரி என்ன ஆயிற்று என்று குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் வந்தது.

ஊற்றின சாணி முழுவதும் ஒரே வீச்சில் வந்தது. திருமண் போன இடம் தெரியவில்லை. அங்கவஸ்திரத்தின் நிறம் என்ன என்று சத்தியம் செய்யக்கூட ஆள் கிடைத்திருக்காது. தட்டில் இருந்த பூ மட்டும் எப்படியோ அவர் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழாய் இன்னும் இரண்டு தடவை துப்பிவிட்டு ஓய்ந்துபோனது. சிரிக்காமல் இருப்பதற்கு அந்த விவசாயிகள் பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

"யார் ஓய் பண்ணின வேலை இது?"

முன்னால் வந்து நிற்க வேண்டிய தலைவன் எங்கே? என் வாய் தானாகத் திறந்தது.

"மெக்கானிக்தான் சார். கவனக்குறைவு. ஆக்‌ஷன் எடுக்கறேன்."

"ஆக்‌ஷன் என்ன ஆக்‌ஷன்? இன்னியோட சீட்டைக் கிழிச்சு அனுப்பும்!"

ராயப்பன் என்னை ஒரு தடவை பார்த்தார். குனிந்து, ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தார். நான் எதிரே இருந்த தென்னை மரத்தில் எத்தனை மட்டை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மறுபடி முதல் மட்டையிலிருந்து எண்ணினேன். எத்தனை மட்டை என்றும் தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னம்மாள் வந்தார். நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை.

"ஏந்தம்பி, சாணி கரைக்கணும்னு எங்கிட்ட வாளி வாங்கிட்டு வந்தீங்களே, எங்க வச்சீங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

ராகவாச்சாரியின் முகம் மெதுவாக என் பக்கம் திரும்பியது. இதற்கு மேலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இல்லையே!

"அது... அது வேற வாளிங்க" என்றேன்.

"வேற வாளியா? பச்சைப் பெயிண்டு அடிச்ச வாளி இந்த ஊர்லயே எங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கு. தோ, உங்க காலுக்குப் பின்னாடியே இருக்கே! என்ன தம்பி, கையைக்கூட இன்னும் கழுவல போலிருக்கு?"

நான் என் கையைப் பார்த்தேன். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நகக்கண் ஒவ்வொன்றிலும் சாட்சி இருந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வெடித்தது.

"ராயப்பன் வேணாம்னுதான் சார் சொன்னார்" என்றேன். "நான்தான் கேக்கல. கரைச்சதும் நான், ஊத்தினதும் நான்." பிடிபட்ட பிறகு சொன்ன உண்மை. அதற்கு என்ன மரியாதை?

ஜீப்பில் ஸ்ரீரங்கம் வரும்வரை யாரும் பேசவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் கஷ்டம். என் வீட்டுக் கிணற்றடியில் ராகவாச்சாரி பதினெட்டு வாளித் தண்ணீரில் குளித்தார். முழங்காலுக்குச் சற்றே கீழே நின்றுவிட்ட என் வேஷ்டியைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பும்போது சொன்னார்: "நாளைக்குள்ள ரிப்போர்ட் எழுதி அனுப்பும். அதுல அந்த மெக்கானிக் பேர் எப்படி வர்றதுன்னு பார்க்கறேன்."

உட்கார்ந்து எழுதினேன். 'எதிர்பாராத சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கியிருந்தேன். என் மனைவி கமலா தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள்.

"ஏங்க, சூழ்நிலையா சாணி கரைச்சுது?"

கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். மறுநாள் ஆபீஸில் பாய், பிலோமினா இருவர் முன்னாலும் ராயப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சார். அடுத்த தடவை சொன்னா கேளுங்க" என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த உதவியைக்கூட அவர் செய்யவில்லை.

அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பிரமோஷன்தான் மூன்று வருஷம் தள்ளிப்போனது. இரண்டு வாரம் கழித்து ராயப்பன் தனியாகத் திருவெள்ளறைக்குப் போய், தேய்ந்த வால்வை எல்லோருக்கும் காட்டி, புதிதை மாட்டி ஓட்டினார். ஐந்து வீட்டில் பம்ப் செட் வாங்கினார்கள். 'மெக்கானிக் வந்தால் போதும், மேனேஜர் வர வேண்டாம்' என்று ஒரு வேண்டுகோளும் வந்து சேர்ந்தது.

கமலா ஒரு வார்த்தையை மட்டும் விடவில்லை. எங்கள் வீட்டில் யார் சப்பைக்கட்டு கட்டினாலும் அதற்குப் பெயர் 'வேற வாளி'. பால் பொங்கிவிட்டதா? வேற வாளி. பையன் கணக்கில் கோட்டை விட்டானா? வேற வாளி. மாப்பிள்ளை தாமதமாக வந்ததற்கு பஸ்ஸைக் குறை சொன்னபோது, கல்யாணமாகிப் பத்தே நாள் ஆன என் பெண் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல, அந்த மனிதருக்கு விளக்கம் கொடுக்க வேண்டிய கொடுமையும் எனக்கே நேர்ந்தது.

போன மாதம் சர்க்கரைக்காகப் புத்தூரில் டாக்டரைப் பார்க்கக் கமலாவோடு போனேன். "ஸ்வீட் ஏதும் சாப்பிட்டீங்களா?" என்றார். "இல்லையே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கமலா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் ஏன் என்று கேட்டுத் தொலைத்தார். வெளியே எட்டு நோயாளிகள் காத்திருக்க, ஃபுட் வால்விலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

நேற்று மறுபடி போயிருந்தேன். கதவைத் திறந்து நான் உள்ளே போனதும் கம்பவுண்டர் பல்லெல்லாம் தெரிய எழுந்து நின்று, "வாங்க, வாளி சார்!" என்றார்.