வாரம் மூன்று தடவை துபாய்

பாஸ்போர்ட்டே இல்லாமல் வாரத்துக்கு மூன்று தடவை துபாய் போய்வந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் பைலட்தான். அதுவும் படுத்துக்கொண்டே.

செகந்திராபாத் ஆஸ்பத்திரி ஒன்றின் டயாலிசிஸ் வார்டு. ஆறு கட்டில். இரண்டு கிட்னியும் கைவிரித்து நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். பைலட் என்பது வார்டு வைத்த பெயர். உண்மையில் பேகம்பேட் பழைய விமான நிலையத்தில் முப்பது வருஷம் பெட்டி ஏற்றி இறக்கியவர். தான் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை.

ஆனால் கையில் இருந்தது சுவிஸ் கடிகாரம். ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கியதாம். "நான் கேட்ட வீட்டைத்தான் கையில கட்டியிருக்கார்" என்பார் அவர் மனைவி ஸ்டெல்லாக்கா.

"ஷோவுக்குப் பண்ணதில்ல தம்பி" என்பார் பைலட். "அந்தக் காலத்து பைலட்டுங்க கடல் தாண்டிப் போய் இறங்குவாங்க. இங்க ஒரு டைம், வீட்ல ஒரு டைம். பொண்டாட்டி தூங்கறாளா முழிச்சிருக்காளான்னே தெரியாது. அதுக்குன்னே இன்னொரு முள்ளு வச்சாங்க. வளையத்துல சிவப்பு பகலு, நீலம் ராத்திரி."

"அது சரி அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு?"

"கைக்குன்னு கேக்கறியா?" எதுக்கு என்பது ஹைதராபாத் உருதுவில் கைக்கு. "டயாலிசிஸ் நாலு மணி நேரம். துபாயும் நாலு மணி நேரம். சும்மா படுத்துக் கிடக்கணுமா?"

ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. அதனால் தெலுங்கு நர்ஸ்தான் அந்த முள்ளைத் துபாய்க்குத் தள்ளவேண்டும். முள்ளோ முழு மணியாகத்தான் நகரும்; துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். "ரெண்டு மணி தள்ளும்மா, அரை மணி இமிக்ரேஷன் லைன்ல போயிடும்" என்பார். பிரஷர் இறங்கிக் கால் சுருட்டி இழுத்தால் "எல்லாரும் பெல்ட் போடுங்க!" என்று கத்துவார். உடம்பில் நீர் சேர்கிறது, இனி நாலரை மணி நேரம் என்றார் டாக்டர்.

"நாலரைன்னா சிங்கப்பூர் வந்துடும். நக்கோ, வேணாம் டாக்டர். துபாயே போதும்."

மூன்றாம் கட்டில் பேங்க் மேனேஜர் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமை சேதி வந்தது. அன்று பைலட் முள்ளைத் தொடவிடவில்லை. நாலு மணி நேரமும் சுவரையே பார்த்துக் கிடந்தார்.

எனக்கும் அன்றோடு விட்டுப்போயிற்று. எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து? வெள்ளி போகவில்லை. திங்களும் போகவில்லை. வீட்டுக்காரி அழுதாள், கத்தினாள், என் அம்மாவுக்குப் போன் போட்டாள். நான் மசியவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. இப்படியே முடியட்டும் என்று கிடந்தேன்.

செவ்வாய்க் காலை, உப்பல் ஏரியாவில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ. வீங்கிய காலோடு மூன்று மாடி ஏறி வந்து நின்றார் பைலட்.

"ஏறாத பாசஞ்சரோட பெட்டி விமானத்துல போகக் கூடாது, தெரியுமா உனக்கு? எறக்கியாகணும். முன்னூறு பெட்டிய வெளிய எடுத்து, அந்த ஒண்ணத் தேடணும். முப்பது வருஷம் உன்ன மாதிரி ஆளுங்கள திட்டியே என் தொண்டை போச்சு. ஏந்திருடா!"

சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு முட்டி அழுகையும் வந்தது. அதே ஆட்டோவில் இரண்டு பேரும் போனோம்.

அதற்கப்புறம் பதினோரு மாதம் ஒருநாள் தவறாமல் பறந்தார். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் பூசைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லாக்காவிடம் அந்த ஆட்டோக் கதையைச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவரும்தான் அந்த ரெண்டு தடவையும் போகல தம்பி. 'போதும் ஸ்டெல்லா, என்ன விட்டுடு'ன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். நீயும் வரலன்னு அந்த நர்ஸ் பொண்ணு போன்ல சொன்னப்புறம்தான் எழுந்து சட்டை கேட்டார்."

பாவி மனுஷன், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தால், நானும் ஒருநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு திட்டு திட்டியிருப்பேனே.