குல்லா போட்ட ஓசோன் பெட்டி

ஏற்காடு

அன்புமிக்க மாப்பிள்ளை தினேஷ் அவர்களுக்கு, மாமனார் பெரியநாயகம் எழுதுவது. சளியைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் ஐஸ்வர்யாவும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கச் சேர்வராயன் சாமி துணையிருக்கட்டும்.

போனில் சொல்லத் தைரியம் வராததால் எழுதுகிறேன். காற்றில் உள்ள ஓசோனை அளக்க நம் மாடியில் மூன்று பெட்டிகளை வைத்து, "பெருசு சரியாக் காட்டும் மாமா, சின்னது ரெண்டும் அதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாக்கணும், நீங்க தொட வேண்டாம், தினமும் எண்ணை மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். தொடாமல்தான் இருந்தேன். ஆனால் மூடுபனி இறங்கியதும் சின்னது இரண்டில் வெள்ளைப் பெட்டியின் எண் மட்டும் தன்பாட்டுக்கு எகிறியது. குளிர் தாங்காமல் உளறுகிறது என்று நினைத்து என் குரங்குக் குல்லாவை மாட்டினேன், எண் மளமளவென்று இறங்கிப் பூச்சியத்தில் நின்றது, குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், துணி எடுக்க வந்த உங்கள் அத்தை, "ஏனுங்க, மூக்கையே மூடிப்போட்டீங்களே, அது எப்படிக் காத்தை அளக்கும்?" என்றாள். குல்லாவைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் பெரிய பெட்டியின் குழாய் வாயில் ஒரு குளவி. உள்ளே போனால் உங்கள் ஆராய்ச்சி என்னாவது என்று கொசு அடிக்கும் கரண்ட் பேட்டை வீசினேன். பொறி பறந்தது, குளவி தப்பியது, மூன்று பெட்டியிலும் எண் ஒன்றாக ஏறியது. "இப்பத்தான் மூணும் ஒத்துப்போச்சு பாரு" என்று அத்தையிடம் பெருமையடித்தேன். கெமிஸ்ட்ரி படிக்கும் பக்கத்து ஊட்டு சௌமியா கேட்டுவிட்டு, "பொறி பறந்தாலே ஓசோன் வருமுங்க பெரியப்பா, நீங்க உண்டாக்கினதைத்தான் அது மூணும் அளந்திருக்குது" என்று சொல்லிவிட்டாள்.

அன்று முதல் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் வேலையைக் கெடுத்த மாமனார் என்று பெயர் வாங்கிவிட்டேனே. திட்டுவதென்றால் என்னையே திட்டுங்க, ஐஸ்வர்யாகிட்ட முகத்தைக் காட்டிப்போடாதீங்க. அவளுக்கு ஓசோன் பக்கமே போக்குவரத்து கிடையாதுங்க.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். மிளகும் காபித்தூளும் தனிப் பொட்டலத்தில் வருகின்றன.

இப்படிக்கு,
பெரியநாயகம்

பின்குறிப்பு: ஒட்டிய உறையின் மேலேயே இதை எழுதுகிறேன். இப்போதுதான் ஐஸ்வர்யா கூப்பிட்டாள். ஒப்பிடும் வேலை பனிக்கு முன்பே முடிந்துவிட்டதாம். "தினமும் ஆசையா மாடியேறிப் பாக்கறீங்க, வேண்டாம்னு சொல்ல அவருக்கு மனசு வரலீங்கப்பா" என்றாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பெட்டிகளை எடுக்க அவசரமில்லைங்க மாப்பிள்ளை. நான் காலையில் எண்ணை அனுப்பிக்கொண்டே இருப்பேன், நீங்கள் வழக்கம்போல "நன்றி மாமா" என்று ஒரு வரி போட்டால் போதும்.