குரலுக்குப் பணியிடம் இல்லை

மட்டாஞ்சேரியில் ஈரம் இருக்கிறது என்பதை அரசாங்கம் ஒருநாள் கண்டுபிடித்தது. சுற்றிலும் காயல், வருஷத்தில் பாதி மழை, தெருவெல்லாம் மிளகுக் கிடங்கு என்று இருக்கிற ஊரில் ஈரமும் இருப்பது மிகுந்த கவலைக்குரியதாகப் படவே, 'கிடங்கு ஈர அளவீட்டு உதவி ஆணையர் அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். ஈரமும் போகவில்லை, அலுவலகமும் போகவில்லை.

கோவில்பட்டியிலிருந்து வந்து பஜார் ரோட்டில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த சங்கிலிப்பாண்டிக்கு இதனால் ஒரு சங்கடம். கடை ஒரு பழைய மிளகுக் கிடங்கின் முன்பகுதியில் இருந்தது. கிடங்கு கிடங்குதான், அதற்குள் ரேடியோ இருந்தாலும் மிளகு இருந்தாலும். ஆகவே வருஷா வருஷம் அவன் 'ஈரமின்மைச் சான்றிதழ்' வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள். கரண்டு இல்லாத ரேடியோக் கடையில் ஈ ஓட்டலாம், அவ்வளவுதான்.

கடையின் பின்சுவரில் கை வைத்தால் கை கழுவின மாதிரி இருக்கும். ஆனாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். உதவி ஆணையர் வெங்கிடாசலம் நேரில் வருவார். ஈரம் பார்க்கும் இயந்திரத்தைப் பட்டுத்துணியில் சுற்றிப் பியூன் தூக்கி வருவான். அவர் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதினொண்ணேகால் சதவீதம்," என்பார். துணியைப் பிரிக்காமலேயே அளந்துவிடுவார். அவ்வளவு அனுபவம்.

எண்பத்துமூன்றாம் வருஷம், சான்றிதழ் இன்னும் கைக்கு வராத சமயத்தில், சங்கிலிப்பாண்டியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உதவி ஆணையரின் மேஜைமேல் ஒரு கார் கேசட் செட்டும் நாலு ஸ்பீக்கரும் இருந்தன. துபாயில் இருக்கும் மைத்துனன் கிட்டு அனுப்பியது. செட்டுக்குள் பெயர் எழுதாத ஒரு கேசட்டும் இருந்தது.

"சங்கிலி, ஒலியை ரெண்டாப் பிரிச்சு விடறாளாமே, கிராஸ்ஓவர்னு. அதுவாக்கும் இப்போ ஃபாஷன். நம்ம ஆபீஸ் வண்டியிலும் வேணும்," என்றார் வெங்கிடாசலம்.

சங்கிலிப்பாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. கனத்த ஓசையைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கூர்மையான ஓசையைக் குட்டி ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புகிற சின்ன ஏற்பாடுதான் அது. ஒரு கண்டன்சர், ஒரு கம்பிச்சுருள். பிரிக்கிற இடம் சரியாக அமைந்தால் பாடுகிறவரே டாஷ்போர்டில் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும். அந்த இடத்தைச் சுருளில் ஒவ்வொரு சுற்றாகக் கழற்றிக் காதாலேயே கண்டுபிடிப்பதில் கொச்சியில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவன் சொல்லிக்கொள்வான். அது உண்மையும்கூட.

கண்காணிப்பாளர் பிச்சுமணி ஒரு கோப்போடு எழுந்து நின்றார். சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ஒரு சிக்கல் இருக்கு சார். வண்டியிலே டிரைவரும் இருப்பான். கெஜட்டட் ஆபீசர் கேக்கற அதே ஒலியை நாலாம் நிலை ஊழியன் கேக்கலாமோ? ரயில்லேயே வேற வேற வகுப்பாக்கும்."

"அப்போ?"

"எப்படியும் பிரிக்கத்தானே போறான்? மேல் ஒலி பின்சீட்டுக்கு. கீழ் ஒலி முன்சீட்டுக்கு."

சங்கிலிப்பாண்டி பதறிப்போனான். "சார், பிரிக்கிறது பங்கு வைக்க இல்ல. எப்படிப் பிரிச்சாலும் கடைசியில காதுல ஒண்ணாச் சேரணும்."

"யார் காதுலே?"

"கேக்குறவங்க காதுல, சார்."

"அந்தக் காது இந்த அலுவலகத்தோட அதிகார வரம்புக்குள்ளே வரதோ?"

சங்கிலிப்பாண்டி வேறு வழியாக வந்தான். "பாடுறவங்க குரல் மேலயும் இல்ல, கீழயும் இல்ல சார். நடுவுல நிக்கும். அது எந்தச் சீட்டுக்கு?"

பிச்சுமணி கோப்பைப் புரட்டினார். "நடுவிலே பணியிடம் இல்லை. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, அவ்வளவுதான் அனுமதி. நடுவுக்கு எழுதிக் கேக்கறோம். உத்தரவு வரவரைக்கும் குரலை நிறுத்தி வை."

"குரலையா சார்?"

"உன்னோட ஈரமின்மைக் காகிதம் என் மேஜையிலேதான் இருக்கு," என்றார் பிச்சுமணி, சம்பந்தமில்லாமல்.

சங்கிலிப்பாண்டி குரலை நிறுத்தினான். குட்டி ஸ்பீக்கருக்கு ரொம்பச் சின்னக் கண்டன்சர், பெரிய ஸ்பீக்கருக்கு ரொம்பப் பெரிய சுருள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் பாடுகிற இடம் முழுக்கக் காலி. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. செய்கிற தொழிலுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று உண்மையிலேயே வருந்தினான்.

துபாய் கேசட்டைப் போட்டதும் பின்சீட்டில் 'ஸ்... ஸ்... ச்... ஷ்' என்று கடுகு பொரிகிற மாதிரி கேட்டது. முன்சீட்டில் 'டும்... டும்... டும்' என்றது. வெங்கிடாசலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சுத்தம்! ஃபாரின் ஃபாரின்தான்." அன்றே கிட்டுவுக்குக் கடிதம் எழுதினார்: 'கேசட் பிரமாதம். தினமும் கேட்கிறேன்.'

"தாளம் அருமை சார்," என்றான் டிரைவர் ராமர். பிறகு சங்கிலிப்பாண்டியைத் தனியே இழுத்துப் போய், "அண்ணாச்சி, இது பாட்டா, இல்ல எஞ்சின்ல ஏதும் கழண்டுருக்கா?" என்று கேட்டான்.

ஆபீசர் வண்டியில் இருப்பது ஊருக்கு வராமல் இருக்குமா? மிளகு வியாபாரிகள் வரிசை கட்டினார்கள். குரல் இல்லாத அந்த ஏற்பாட்டுக்கு 'ஆபீசர் கட்டு' என்று பேரே விழுந்துவிட்டது. போன வருஷம் சங்கிலிப்பாண்டி பார்த்துப் பார்த்து அமைத்துக் கொடுத்த கிராஸ்ஓவரோடு வந்தார் மிளகுக்கடை முத்துராமலிங்கம்.

"சங்கிலி, எனக்கும் குரலைத் தூக்கிரு. பாட்டுல ஆள் பாடுறது இப்பல்லாம் பட்டிக்காடா இருக்கு."

அந்த வருஷச் சான்றிதழ்களை வழங்க எறணாகுளத்திலிருந்து ஆணையரே எழுந்தருளினார். படகுத்துறையிலிருந்து அலுவலகம் வரை அதே ஆபீஸ் காரில் வந்தார். சான்றிதழ்களைத் தன் கையாலேயே கொடுத்து முடித்தார். சங்கிலிப்பாண்டியும் தன்னுடையதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எல்லாரும் வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது ஆணையர் காரைப் பார்த்து நின்றார்.

"எடோ வெங்கிடாசலம், இதில் பாட்டு எவிடே?"

"நடுப் பணியிடம் நிலுவையிலே இருக்கு, சார்," என்றார் பிச்சுமணி.

"ஞான் அனுமதிச்சு! இப்போள்தன்னே குரல் வரட்டும்."

சங்கிலிப்பாண்டி இதற்காகத்தானே காத்திருந்தான். ஓடிப்போய்ப் பெரிய கண்டன்சர் கொண்டுவந்தான். காரின் நாலு கதவையும் திறந்து வைத்து, சுருளில் ஒரு சுற்று கழற்றினான், இன்னொரு சுற்று, இன்னொன்று. ஊரே கூடி நின்று பார்த்தது. சட்டென்று டாஷ்போர்டில் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு பேசினான். அத்தனை சுத்தமான குரலைச் சங்கிலிப்பாண்டி தன் வாழ்நாளில் யாருக்கும் வரவழைத்துக் கொடுத்ததில்லை.

"...அத்திம்பேர், ஏ.சி. போடற டும் டும் சத்தத்திலே நான் பேசறது கேக்கறதோ? துபாயிலேர்ந்து லெட்டர் எழுதச் சோம்பலா இருந்தது, கேசட்லேயே பேசிட்டேன். அப்புறம், அந்த ஈரம் பாக்கற மெஷின் ஒம்பது வருஷமா ரிப்பேர்னு சொன்னேளே, அதுக்குப் பாட்டரி இங்கே கிடைக்கறது. அனுப்பட்டுமா? இல்லே, இப்பவும் எல்லாருக்கும் பதினொண்ணேகால்னே எழுதிண்டிருக்கேளா? உங்க கமிஷனரும் அதையேதான் மேலே அனுப்பறாரா?"

வியாபாரிகள் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பதினொன்றேகால். ஆணையர் கையில் மாவட்ட சராசரிப் பட்டியல் இருந்தது. அதிலும் பதினொன்றேகால்.

கிடங்கில் மிளகு முளைவிட ஆரம்பித்திருந்த முத்துராமலிங்கம்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "சங்கிலி, முன்னால இருந்ததே நல்லா இருந்துச்சு."

"மதி, மதி," என்றார் ஆணையர், போதும் என்று கையைக் காட்டி. "பழைய கட்டு தன்னே மதி. நடுப் பணியிடம் ரத்து."

வெங்கிடாசலத்துக்கு மூச்சு திரும்பியது. எல்லாரும் சங்கிலிப்பாண்டியைப் பார்த்தார்கள். அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். காகிதம் வேர்வையில் நனைந்திருந்தது. கடையின் பின்சுவரை நினைத்துக்கொண்டான். பிறகு காருக்குள் குனிந்து, கழற்றின கம்பியை ஒரு சுற்றுக்கூடக் குறையாமல் திரும்பச் சுற்றி, சின்னக் கண்டன்சரையும் பழையபடி மாட்டினான்.

'ஸ்... ச்... ஷ்,' என்றது பின்சீட்டு. 'டும்,' என்றது முன்சீட்டு. "என்ன சுத்தம்!" என்று வியாபாரிகள் கைதட்டினார்கள்.

ராமர் மெதுவாகக் கேட்டான். "அண்ணாச்சி, அப்ப இது பாட்டு இல்லியா?"

"பாட்டுதான்டே," என்றான் சங்கிலிப்பாண்டி. "நீ தாளத்தைக் கேளு."