கோரைக்குத் தலை வாரிய கங்காணி

வீரய்யா பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருசம் புல்லுவெட்டுக் கங்காணி. தேயிலைக்கு நடுவே ஒரு கோரை தலை நீட்டினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் கை மட்டும் ஓயவில்லை.

அவர் மனைவி யசோதினி தோட்டத்துப் பாலர் பள்ளி டீச்சர். ஒரு வெள்ளிக்கிழமை, "வாசல்ல புதுசா கன்னு வச்சிருக்கேங்க, தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, வெலிமடையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

வீரய்யா வாளியோடு வாசலுக்கு வந்தார். கன்றைக் காணோம். பாதையோரம் ஆறு கோரைதான் நின்றது, அதுவும் வரிசையாக. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசை கட்டும் அளவுக்குக் கோரைக்குத் திமிர் வந்துவிட்டதா? ஆறையும் வேரோடு பிடுங்கி, மாட்டுக்குப் போடச் சொல்லி அடுத்த வீட்டுப் பெரியாயியிடம் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் போன் வந்தது.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"கன்னு எங்க இருக்குன்னே தெரியலையே யசோ."

"பாதையோரமா ஆறு நிக்குதே. மஞ்சக் கோடு போட்ட கோரை. அழகுக்கு வளக்குறது. பண்டாரவளையில தேடி வாங்கினேன்."

வீரய்யா அப்படியே வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். வாளி நிறைய இருந்த தண்ணீர் வாசலெல்லாம் கொட்டியது.

"ஊத்திட்டேன்" என்றார். அது பொய்யில்லை.

பெரியாயி வீட்டுக்கு ஓடினார். "மாடு எப்பவோ தின்னுருச்சே கங்காணி" என்றாள் அவள்.

வேறு வழி? தேயிலை மலை வடிகான் ஓரத்தில் ஆறு காட்டுக் கோரையைத் தோண்டி வந்து அதே இடத்தில் நட்டார். வாழ்நாளில் அவர் நட்ட முதல் கோரை.

ஞாயிற்றுக்கிழமை வந்த யசோதினி வெகு நேரம் பார்த்தாள்.

"மஞ்சக் கோடெல்லாம் காணோமே?"

"வெயில்ல வெளுத்துருச்சு போல."

"பாவம். அப்ப நல்லா கவனிக்கணுங்க."

கவனித்தார். மண் காயாமல் இரண்டு வேளை தண்ணீர். வெயில் படாமல் பந்தல். கத்தி வைக்கக் கூடாது என்றாள் யசோதினி. காய்ந்த தாளை விரலால் கோதித்தான் எடுக்க வேண்டுமாம். கோரை விரலை அறுத்ததால் சீப்பு வாங்கினார்.

"என்ன கங்காணி, கோரைக்குத் தலை வாருறீங்களா?" என்றாள் பெரியாயி.

"பேன் பாக்குறேன். நீ போ."

யசோதினி பிளேன்டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வாருங்க" என்பாள்.

ஒரு மாசம் கழித்துப் பாலர் பள்ளியில் விழா. பள்ளி வாசல் படலைத் திறந்த வீரய்யா நின்றுவிட்டார். நடைபாதையோரம் ஆறு கோரை, மஞ்சள் கோட்டோடு தளதளவென்று.

"மாடு தின்னுச்சுன்னு பெரியாயி சும்மா சொன்னா, வேரோட எடுத்து வச்சு எங்கிட்ட குடுத்தா. அந்த ஞாயித்துக்கிழமையே இங்க நட்டுட்டேன்" என்றாள் யசோதினி.

"அப்பவே சொல்லியிருக்கலாமே யசோ."

"சொன்னா நீங்க கடைப்பக்கம் போயிருப்பீங்க. ஒரு மாசமா வாசல்ல என்கூட இருந்தீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

"வீட்டுக் கோரையையும் நான் கொறையா வளக்கலையே?" என்றார் வீரய்யா மெல்ல.

"கொறையே இல்லைங்க. கெழங்கு ஓடிக் கரட் பாத்தி வரைக்கும் போயிருச்சு. நாளைக்குக் காலையில மம்பட்டிய எடுங்க."