எலும்புக்கு எண்ணெய் ஊற்றிய மகான்

விடிந்தும் விடியாததுமாக, பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் வரிசை நிற்கும். ஆளாளுக்குத் தாடையில் ஒரு கை. பல் போன இடத்தில், தாடை எலும்புக்குள் ஆணி வைத்துக்கொண்டவர்கள். எலும்பு ஆணியை இறுகப் பிடித்த பிறகுதான் மருத்துவர் மேலே பல் கட்டுவார். மாதக்கணக்கில் பொறுக்க யாரால் முடிகிறது, கண்ணுகளா? அதற்குத்தான் அந்தச் சந்தில் ஒரு மாடியில் எலும்பு மகான் உட்கார்ந்திருந்தார்.

கையில் செப்புக்கோல். தாடையில் வைத்ததும் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். எலும்பு பேசுகிறதாம்! பேசுகிற எலும்பெல்லாம் ஒன்றையேதான் கேட்கும்: வேளைக்கு ஒரு டம்ளர், மகான் காய்ச்சிய கொழுப்பெண்ணெய்.

வரிசையில் ஒரு தச்சரும் இருந்தார். "ரத்தத்துல கொழுப்பு எக்கச்சக்கமா இருக்கு. இப்படியே போனா எலும்பு ஆணியைப் பிடிக்காமலே போகலாம். மாத்திரையை விடாதீங்க" என்று பல் மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மகான் மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னார். தச்சர் போட்டார். எண்ணெயை மடக் மடக்கென்று குடித்தார். ஒரு மாதத்தில், நாக்கு பட்டாலே ஆணி ஆடியது.

தையல்காரியான அவர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டா, எண்ணெய் ஊறின பலகையில பசை ஒட்டுமாடா?"

"ஒட்டாது. ஆனா மரம் வேற, எலும்பு வேறக்கா."

"வேறயா இல்லையான்னு அந்தக் கோல்கிட்டயே கேட்டுருவோம். நாளைக்கு எனக்கும் சேர்த்து இடம் போடு."

மறுநாள் அக்காவின் இடது தாடையில் கோல் ரீங்கரித்தது. மகான் கண்ணை மூடினார்.

"அம்மா, எலும்பு ஆணியைப் பாதி கவ்விருச்சு. மீதிக்கு எண்ணெய் கேக்குது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. ஆணி இருக்கா?"

"ஸ்பஷ்டமா இருக்கு!"

அக்கா வாய்க்குள் கையை விட்டாள். மேல்வரிசை, கீழ்வரிசை, இரண்டு பல்செட்டையும் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு ஆணியே கிடையாது சாமி. எல்லாம் கழட்டி மாட்டுறதுதான். எது பேசுச்சு?" என்றாள் பொக்கை வாயால்.

"அது... போன ஜென்மத்து ஆணி."

தச்சர் கோலைப் பிடுங்கினார். தொழில் தெரிந்த கை. பிடியில் இருந்த மரையை நொடியில் கழற்றிவிட்டது. உள்ளே ஒரு குட்டி மோட்டார், ஒரு பேட்டரி. அக்கா கோலை வாங்கி மகானின் வழுக்கைத் தலையில் வைத்தாள். ரீங்காரம்.

"அடடா, மண்டையும் எண்ணெய் கேக்குதே!"

மகான் பின்படி வழியாகக் கம்பி நீட்டினார்.

பல் மருத்துவர் தச்சரின் ஆணியை விரலாலேயே உருவி எடுத்தார். "முதல்ல கொழுப்பு இறங்கட்டும். அப்புறம் மறுபடி வைக்கலாமான்னு பாப்போம்" என்றார்.

ஆடுகிற ஆணிக்கு மருத்துவர் இருக்கிறார், கண்ணுகளா. கோல் ரீங்கரித்த இடத்திலெல்லாம் ஆடுகிற தலைக்கு யார் இருக்கிறார்கள்? அவரவர்தான் யோசித்துத் தொலைக்க வேண்டும்.