மஞ்சள் புனலும் ஜம்புலிங்கத்தின் கத்தரிக்காயும்

திருக்கழுக்குன்றம்,
வெள்ளிக்கிழமை.

இத்தாலி தேசத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் என் பேத்தி சங்கவிக்கு, ஆயா ஆதியம்மாள் எழுதிக்கொண்டது. வேதகிரீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி நிஜத்தைச் சொல்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் அப்பன் ஜெயக்குமார் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறான்.

உன் வேலை மேலேயே எனக்கு ஆரம்பத்திலிருந்து சந்தேகம். பூச்சி மருந்து விற்கிறவனுக்குச் சம்பளம் உண்டு, சரி. மருந்தைக் குறை என்று சொல்கிறவளுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? போன மாசம் வீடியோவில் தோட்டத்தைக் காட்டினாய். கொடிக்குக் கொடி சிவப்பாக ஒரு குழாய்த்துண்டு தொங்கியது. "இதுல பொட்டைப் பூச்சி வாசனை கீது ஆயா. தோட்டம் பூரா அதே வாசனை அடிக்கறதால ஆம்பளைப் பூச்சி ஜோடி எங்கன்னு தெரியாம சுத்திகினே கெடக்கும். முட்டையும் இல்ல, புழுவும் இல்ல" என்றாய். பொம்பளை வாசனை காட்டி ஆம்பளையைக் கிறுக்காக்குவதற்கு நம் ஊரில் வேறு பேர். கொடிகளுக்கு நடுவே முழங்கால் உயரம் புல். கேட்டால் நல்ல பூச்சி தங்குவதற்கு விட்டிருக்கிறோம் என்கிறாய். களை எடுக்கச் சோம்பல்பட்ட எல்லாரும் சொல்கிற சாக்குதான். ஒலிவ மரத்தில் ஈ முட்டை வைக்காமல் இருக்க வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து அடிக்கிறோம் என்றாய். ஜி.எஸ்.டி. ரோட்டுப் புளியமரத்துக்குக்கூடத்தான் வெள்ளையடித்திருக்கிறான், எந்த ஈ பயந்தது? இத்தனைக்கும் நடுவில் ஒரு பூனைக்கண் பையன் வந்து உன் கையில் ஒரு குலையைக் கொடுத்தான், நீ கழுவாமல் வாயில் போட்டுக்கொண்டாய். "யாருடி அது?" என்றேன். "மருந்து அடிக்கல ஆயா, கழுவ வேணாம்" என்றாய். நான் கேட்டது திராட்சையைப் பற்றி இல்லை.

ஆனாலும் உன் பேச்சைக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று உனக்கே தெரியும். போன ஆடியில் கத்தரிக்கு மருந்தடிக்கப் போன உன் அப்பன், முதுகில் மாட்டிய டேங்க்கோடு வரப்பில் விழுந்து, வாயில் நுரை தள்ளி, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கண் திறக்கிற வரைக்கும் என் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. "இனிமே அப்பா முதுவுல அந்த டேங்க்கு ஏறக்கூடாது ஆயா" என்று அங்கிருந்து நீ அழுதாய். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். டேங்க்கை என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நீ கொரியரில் அனுப்பிய மஞ்சள் புனல்களைப் பிரித்தேன்.

மேலே ஒரு ரப்பர் குமிழ், கீழே ஒரு பிளாஸ்டிக் பை. ரப்பர் வாசனைக்கு ஆண் பூச்சி தேடி வரும், வந்து பைக்குள் விழும் என்று விளக்கம் வேறு. வரும் என்கிறாயே, அதுதான் என் சந்தேகம். வருகிறதெல்லாம் பையிலேயே விழும் என்று யார் ஜாமீன்? சொந்தக் கொல்லைக்குள் பூச்சிக்குப் பத்திரிகை வைத்து அழைக்க நான் என்ன பைத்தியமா? அதனால் நன்றாக யோசித்து, அத்தனையையும் பக்கத்துக் கொல்லையில் ஜம்புலிங்கத்தின் கத்தரிச் செடிகளுக்கு நடுவே கட்டிவிட்டு வந்தேன். நம் பூச்சியெல்லாம் அவனிடம் போகட்டும். ஏன் அவன் என்று கேட்காதே. சங்குதீர்த்தக் குளத்தில் போன சங்குக்கு முந்தின சங்கு பிறந்தபோது, ஊரே குளக்கரையில் கும்பிட்டு நிற்க, வரப்புக் கல்லை இரண்டு முழம் நம் பக்கம் நகர்த்தியவன் அவன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு சங்கு, கணக்கை நீயே போட்டுக்கொள்.

இப்போது நடந்த அநியாயத்தைக் கேள். அவன் கொல்லையில் பையெல்லாம் பூச்சி ரொம்பித் தொங்குகிறது, காய் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. நம் காயில் ஒன்று விடாமல் ஓட்டை. கல்பாக்கம் மார்க்கெட்டில் வாடிக்கைக்காரி ரேணுகா ஒரு காயை ஒடித்துப் பார்த்து, "இன்னா ஆயா, காய் வாங்கினா புழு இனாமா?" என்று நாலு பேர் எதிரில் சிரித்தாள். பக்கத்தில் ஜம்புலிங்கத்தின் கூடை காலி. அதோடு விட்டானா? சாயங்காலம் கூடை நிறையக் காயோடு நம் வாசலில் வந்து நின்றான்.

"ஆதிக்கா, நீ கட்ன மஞ்சா புனலு இன்னா வேலை செய்யுது தெரியுமா! இந்த வாட்டி ஒரு சொட்டு மருந்து அடிக்கல. ஒன் கொல்லைய வுட்டுட்டு எனக்குக் கட்னியே, எம்மாம் பெரிய மனசு ஒனக்கு!"

"மனசு கெடக்கட்டும். ஒனக்கு இப்ப இன்னா வேணும்? இன்னும் ரெண்டு முழமா?"

"அய்ய, இன்னுமாக்கா அந்தக் கல்ல நெனச்சிகினு கீற?"

"கல்லு இன்னும் அங்கதான கீது!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நீயும் அவனும் கூட்டு. சின்ன வயதில் அவன் வீட்டு மோரைக் குடித்து வளர்ந்தவள்தானே நீ! ஆயா எங்கே கொண்டுபோய்க் கட்டுவாள் என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாய்.

உன் அப்பன் இப்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்க்கிறான். "ஒரே ஒரு வாட்டி அடிச்சிட்டு வந்துடறேம்மா, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்கிறான். அடிக்கட்டும் என்று நானும் தீர்மானித்துவிட்டேன். மிச்சம் இருக்கிற பிஞ்சையாவது காப்பாற்ற வேண்டாமா? கற்பூரம் கரைந்தது, சத்தியமும் கரைந்தது. இனிமேல் புனல், குழாய், களிமண் எதுவும் இந்த வாசல் ஏறக்கூடாது. இதுதான் முடிவு.

மலைமேல் இருப்பவர் உன்னைக் கண்ணிமை போலக் காக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. எதையும் கழுவித் தின்னு. பூனைக்கண்ணனுக்கு ஆசீர்வாதம் கிடையாது, விசாரித்ததாக மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன்னால் மார்க்கெட்டில் மானம் போன ஆயா,
ஆதியம்மாள்.

பின்குறிப்பு (சனிக்கிழமை): டேங்க்கை இன்று காலையில் பழைய சாமான்காரனிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டேன். திருடு போய்விட்டது என்று உன் அப்பனிடம் சொல்லியிருக்கிறேன். யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டான். நான் யார் பேரையும் சொல்லவில்லை, ஜம்புலிங்கம் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். நம் கொல்லைக்குப் புதுப் புனல் உடனே அனுப்பு. அவன் புனல்களில் வாசனை தீரப்போகிறதாம், அவனுக்கும் சேர்த்து ரப்பர் குமிழ் அனுப்பு. பெரிய மனசு என்று நீயும் ஆரம்பிக்காதே. அவன் மருந்தடித்தால் காற்று நம் பக்கம்தான் வீசும், உன் அப்பனுக்கு ஆகாது.